பனிமலையில் ஒரு சீசன் வேலை: கோலாலம்பூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிப்பை முடித்த கையோடு ஒரு வருடம் இடைவெளி விட்டு, ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்கீ ரிசார்ட்டில் சீசன் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். வீடு செந்தூல் பக்கம். திரும்பி வந்ததிலிருந்து கல்யாண வீட்டிலோ, கோயில் வாசலிலோ, வாட்ஸாப்பிலோ யாராவது ஒருவர் இதே சந்தேகங்களோடு பிடித்துக்கொள்கிறார். ஆளுக்கு ஆள் குரல் செய்தி அனுப்பி அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விசா விதிகளும் சம்பள விகிதங்களும் ஆண்டுதோறும் மாறுபவை. இங்கே இருப்பது 2025 நிலவரம். காசு கட்டும் முன் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

"அக்கா, ஸ்கீ ரிசார்ட்ல என்ன வேலைதான் இருக்கு? எல்லாரும் ஸ்கீ சொல்லிக் கொடுக்கணுமா?"

இல்லை, அது ஒரு சிறு பிரிவு மட்டும்தான். ரிசார்ட் என்பது ஹோட்டல், உணவகம், கடை, பேருந்து, குழந்தைக் காப்பகம் எல்லாம் சேர்ந்த இடம். அறை சுத்தம் செய்ய, தட்டு கழுவ, காப்பி போட, டிக்கெட் சரிபார்க்க, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. முதல் தடவை போகும் மலேசியருக்கு ஹவுஸ்கீப்பிங், கிச்சன், ஸ்கீ சாமான் வாடகைக் கடை, ஆட்களை மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்ட் இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கும்.

லிஃப்ட் வேலை செய்பவரை அங்கே 'லிஃப்டி' என்பார்கள். ஆட்கள் வருவதற்கு முன்பே போய், ஏறும் இடத்தில் குவிந்திருக்கும் பனியை மண்வெட்டியால் அள்ளிச் சமப்படுத்த வேண்டும். பிறகு நாள் முழுக்க நாற்காலி வந்து முட்டாமல் பிடித்துக் கொடுப்பதும், யாராவது விழுந்தால் பொத்தானை அமுக்கி நிறுத்துவதும்தான் வேலை. வெளியில் நின்றுகொண்டே செய்ய வேண்டியது. முகத்தில் காற்று அறைவது பிடிக்காதவர்கள் கேட்க வேண்டாம்.

வாடகைக் கடை வேலையைச் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பதை, வாடிக்கையாளரின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் இவற்றை வைத்து அட்டவணை பார்த்து அமைக்க வேண்டும். தப்பாக இறுக்கிவிட்டால் அவர் விழும்போது பூட்ஸ் கழலாது, முழங்கால்தான் போகும். அதனால் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க விடுவார்கள். உள்ளுக்குள் இருக்கும் வேலைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

"பனியையே நேர்ல பார்த்ததில்ல. ஐ-சிட்டி ஸ்னோவாக் போனதோட சரி. எடுப்பாங்களா?"

மேலே சொன்ன நான்கு வேலைகளுக்கும் எடுப்பார்கள். ஸ்கீ தெரியுமா என்பதைவிட, காலை ஆறு மணிக்கு எழுந்து வேலைக்கு வருவாயா, சீசன் முடியும்வரை இருப்பாயா என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. மாமக் கடையிலோ, ஹோட்டலிலோ, காப்பிக் கடையிலோ வேலை செய்த அனுபவம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். கூட்ட நேரத்தில் ஓட்டுக்கடையைச் சமாளித்தவருக்கு மலை உணவகத்தின் மதிய நெரிசல் புதிதில்லை.

சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மட்டும் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பயிற்றுநர் சங்கங்கள் படிநிலைத் தேர்வு வைத்திருக்கின்றன. அந்த எண்ணம் இருந்தால் முதல் சீசனில் வேறு வேலையில் சேர்ந்து, ஓய்வு நாட்களில் சறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்கு லிஃப்ட் பாஸ் இலவசமாகவோ சலுகையிலோ கிடைப்பது வழக்கம்.

"எந்த நாட்டுக்குப் போகலாம்? எனக்கு ஜப்பான், நிசேக்கோதான் ஆசை."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது நம் ஆசை இல்லை, நம் பாஸ்போர்ட். மலேசியப் பாஸ்போர்ட்டில் ஜப்பானுக்கு விசா இல்லாமல் 90 நாள் சுற்றுலா போகலாம், ஆனால் அதில் வேலை செய்யக் கூடாது. இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய விடும் வேலை விடுமுறை ஒப்பந்தம் ஜப்பானோடும் கனடாவோடும் நமக்குக் கிடையாது. யூடியூபில் நிசேக்கோவிலோ கனடாவின் விஸ்லரிலோ வேலை செய்வதாகக் காட்டும் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு அந்த வழி உண்டு. அதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது.

நமக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று ஆஸ்திரேலியாவின் 462 எண் வேலை விடுமுறை விசா. வயது 18 முதல் 30 வரை, 12 மாதம் தங்கலாம், ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கையிருப்பாகச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் திரும்பும் பயணச் செலவும் காட்ட வேண்டும். இரண்டாவது நியூசிலாந்தின் வேலை விடுமுறை விசா. வயது வரம்பு அதேதான். மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,150 இடம், தங்கும் காலம் 6 மாதம். இரண்டிலும் விண்ணப்பிக்கும் ஆண்டில் என்னென்ன கடிதம், என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்ற பட்டியலை வரி விடாமல் படியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் கட்டிய காசு போனதுதான்.

அமெரிக்காவுக்கு ஜே-1 விசா என்ற வழி உண்டு. அது முழுநேரமாகப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, விடுமுறையில் அதிகபட்சம் 4 மாதம். படிப்பை முடித்துவிட்டு, அல்லது தொடங்குமுன், இடைவெளியில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

"எஸ்பிஎம் எழுதி முடிச்சாச்சு. அடுத்த மாசமே கிளம்பலாமா?"

முடியாது தம்பி. முதலில் 18 வயது நிறைய வேண்டும். அடுத்து, ஆஸ்திரேலிய விசாவுக்கு வெறும் பள்ளிப் படிப்பு போதாது. உயர்கல்வித் தகுதி, அல்லது குறைந்தது இரண்டு ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு கேட்கிறார்கள். எஸ்டிபிஎம் முடித்தவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடைவெளி ஆண்டு சரியாக அமைவது டிப்ளோமாவோ டிகிரியோ முடித்த பிறகுதான். அப்போது போனால் இன்னொரு நிம்மதியும் உண்டு. யுபியு வழியாகக் கிடைத்த அரசாங்கப் பல்கலைக்கழக இடத்தை 'பனிமலைக்குப் போகிறேன்' என்று சொல்லித் தள்ளிப்போடுவது நடக்கிற காரியம் இல்லை. கிடைத்த இடத்தை முதலில் படித்து முடியுங்கள், மலை எங்கேயும் போய்விடாது.

"நான் தமிழ்ப்பள்ளி, அப்புறம் தேசியப் பள்ளி. இங்கிலீஷ் சுமார்தான். பரவாயில்லையா?"

விசாவுக்குக் கேட்பது அன்றாடத்துக்குப் போதுமான ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு என்றால் சராசரி 4.5. அது பயப்படும் மதிப்பெண் இல்லை. தொல்லை கொடுப்பது ஆஸ்திரேலியர்களின் உச்சரிப்பும், காற்று இரைச்சலுக்கு நடுவே வாக்கி-டாக்கியில் வரும் கட்டளையும்தான். புரியாவிட்டால் 'ஓகே' சொல்லி மழுப்பாதீர்கள், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். லிஃப்டில் நிற்பவர் தவறாகப் புரிந்துகொண்டால் யாருக்காவது அடிபடும். ஹவுஸ்கீப்பிங்கில் இந்தப் பிரச்சினை குறைவு.

"எப்ப அப்ளை பண்ணணும்? டிசம்பர்ல போறதா?"

டிசம்பர் பனி நம் தலையில் பதிந்துபோனதற்குத் தொலைக்காட்சிதான் காரணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பூமியின் தென்பாதி, அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆஸ்திரேலியாவில் சீசன் ஜூன் இரண்டாம் வார நீள் விடுமுறையில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். நியூசிலாந்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆள் எடுப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் நடக்கும். மே மாதத்தில் தேடத் தொடங்கினால் மீந்ததுதான் கிடைக்கும். விசாவை அதற்கும் முன்பே தொடங்குங்கள். நியூசிலாந்தின் இடங்களை அறிவித்த நாளில் திறப்பார்கள், வேகமாகத் தீர்ந்துபோகும். ஆஸ்திரேலியாவில் ரிசார்ட்டின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் விண்ணப்பிப்பதே சுத்தமான வழி. நியூ சவுத் வேல்ஸில் பெரிஷர், திரெட்போ. விக்டோரியாவில் ஃபால்ஸ் கிரீக், ஹோத்தம், புல்லர். நியூசிலாந்தில் குவீன்ஸ்டவுனைச் சுற்றிக் கோரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ். வனாக்கா பக்கம் கார்ட்ரோனா. கிரைஸ்ட்சர்ச் பக்கம் மவுண்ட் ஹட்.

"ஏஜென்ட் ஒருத்தர் எட்டாயிரம் வெள்ளி கேக்குறார். விசிட் விசாவுல போய் அங்க மாத்திக்கலாம்னு சொல்றார். நம்பலாமா?"

வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்குக் கைப்பேசியில் எடுக்கும் இடிஏ, நியூசிலாந்தின் என்ஸெட்இடிஏ இரண்டுமே சுற்றிப் பார்க்கத்தான். அவற்றில் சம்பள வேலை செய்தால் விசா ரத்தாகும், பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த சில ஆண்டுகளுக்கு விண்ணப்பமே சிக்கலாகும். 462 விசாவின் கட்டணம் 600 டாலருக்கு மேல், அதை நீங்களே இணையத்தில் கட்டிவிடலாம். எட்டாயிரம் எதற்கு என்று கேளுங்கள், பதில் வராது.

இதைவிட மோசமான இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: போய் இறங்கியதும் அகதிப் பாதுகாப்பு விண்ணப்பம் போடு, முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்று. மலேசியர்கள் பலர் பழத்தோட்ட ஒப்பந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு இதில் மாட்டியிருக்கிறார்கள். பொய்க் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. அந்தப் பதிவு பிற்பாடு நீங்கள் கேட்கும் ஒவ்வொரு விசாவிலும் தலைகாட்டும்.

"சம்பளம் எவ்வளவு? திரும்பி வரும்போது கார் வாங்குற அளவு மிஞ்சுமா?"

2025 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரமில்லாத, கேஷுவல் ஆளாக எடுத்தால் அதன்மேல் 25 விழுக்காடு சேரும், ஆக ஏறக்குறைய 31 டாலர். மலை ரிசார்ட்டுகளுக்கென்றே தனி ஊதிய ஆணை இருக்கிறது, வேலையைப் பொறுத்து விகிதம் மாறும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில வேலைகளில் குறைத்துக் கொடுக்கலாம். நியூசிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர். நம் ஊர்க் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்பதோடு ஒப்பிட்டால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள்.

வாரம் 30 மணி நேரம் கேஷுவல் வேலை என்று வைப்போம். 930 டாலர். அதில் 15 விழுக்காடு வரி போனால் 790. வாடகைக்கு 200, சாப்பாட்டுக்கு 120 என்று வைத்தால் மிச்சம் 470. நல்ல காசு. இப்போது பனி பெய்யாத வாரம் ஒன்றைப் பாருங்கள். வேலை 15 மணி நேரமாகக் குறையும், கையில் வருவது 395, வாடகையும் சாப்பாடும் அதே 320. மிச்சம் 75 டாலர். கேஷுவல் என்பதற்கு அர்த்தமே இதுதான்: மணிக்குக் கூடக் கிடைக்கும், மணி நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

பனி குறைவது அபூர்வமும் இல்லை. ஜூன் மாதம் திறப்பு விழா நடக்கும், மலை பழுப்பாகவே இருக்கும். இயந்திரத்தால் பனி செய்யலாம், ஆனால் அதற்கும் ஈரத்தோடு சேர்த்து அளக்கும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி பக்கம் இறங்க வேண்டும். நியூசிலாந்தின் ருவாப்பெஹு மலையில் வாக்காபாப்பா, துரோவா இரண்டு தலங்களையும் நடத்திய நிறுவனமே, கோவிட் காலத்துக்கும் மோசமான 2022 சீசனுக்கும் பிறகு கடனில் சிக்கி வெளி நிர்வாகிகளின் கைக்குப் போனது. போகவர டிக்கெட், உடுப்பு, விசாக் கட்டணம் போக, முதல் சீசனில் செலவு கட்டுப்படியாகி ஒரு சின்னச் சேமிப்பு இருந்தால் அது நல்ல சீசன். கார் வாங்குவதற்கு வேறு வழி பாருங்கள்.

"வேலை கிடைச்சிருச்சு! டிக்கெட் போட்டுரலாமா?"

படுக்க இடம் கிடைத்ததா? இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை, கட்டிலுக்குத்தான் பஞ்சம். பெரிஷருக்கும் திரெட்போவுக்கும் அடிவாரத்தில் இருப்பது ஜிண்டபைன் என்ற ஏரிக்கரை ஊர், மலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். குளிர்காலம் வந்தால் அங்கே வாடகை ஏறும், சுற்றுலாப் பயணிகள் வீடுகளை எடுத்துக்கொள்வார்கள். குவீன்ஸ்டவுனில் சீசன் ஊழியர்கள் காரில் படுத்துத் தூங்கியது அந்த ஊர்ச் செய்திகளிலேயே வந்திருக்கிறது. மைனஸில் காரில் தூங்குவது சாகசம் இல்லை.

ஆகவே சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், ஊழியர் விடுதி தரும் வேலைக்கே போங்கள். விடுதி இல்லாத 'நல்ல' வேலையைவிட விடுதியோடு வரும் தட்டுக் கழுவும் வேலை மேல். ஒப்புக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை: ஓர் அறையில் எத்தனை பேர், வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், முன்பணம் எவ்வளவு, சமையலறை உண்டா, மலைக்கு ஊழியர் பேருந்து ஓடுகிறதா. கடைசியாக, வேலை போனால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும்? அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம், ஆனால் விடுதி வேலையோடு கட்டப்பட்டது என்பதால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"கெந்திங்லயே எனக்குப் பல்லு கிட்டிக்கும். எப்படிக்கா தாங்குறது?"

ஆஸ்திரேலிய மலைகள் நாம் நினைக்கும் அளவு உயரம் இல்லை. அந்நாட்டின் உச்சியான கோசியஸ்கோ 2,228 மீட்டர்தான், நம் கினாபாலு 4,095. பகலில் சுழியத்தை ஒட்டி இருக்கும், இரவில் கீழே இறங்கும். உங்களை வாட்டுவது குளிரைவிட ஈரம். அங்கே பனி கனமாக, தண்ணீராக இருக்கும், சில நாள் மழையே பெய்யும். நனைந்த கையுறையோடு எட்டு மணி நேரம் நின்றால்தான் குளிர் என்ன என்று தெரியும்.

மூன்று அடுக்கு போதும்: வியர்வையை உறிஞ்சி வெளியே விடும் உள்ளுடை, நடுவில் ஃபிலீஸ், மேலே தண்ணீர் புகாத உறை. பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. சீருடை மேலங்கியும் கால்சட்டையும் பல இடங்களில் வேலை கொடுப்பவரே தருவார், அதனால் விலையுயர்ந்த ஜாக்கெட்டில் பணத்தைப் போடாதீர்கள். அதைக் கையுறையிலும் பூட்ஸிலும் போடுங்கள், கையுறை இரண்டு ஜோடி. டெக்கத்லானில் உள்ளுடை மலிவு. ஃபிலீஸ் வாங்கப் பண்டல் கடைகளுக்குப் போங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய குளிர் உடுப்பு அங்கே குவிந்து கிடக்கும், நம் ஊர் வெயிலில் அதை யார்தான் வாங்கப்போகிறார்கள்? ஒரு சின்ன விஷயம்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். வாய் அகலமான டப்பாவில் ஊற்றி எடுத்துப் போங்கள்.

"நம்ம கலருக்கு சன்ஸ்கிரீன் எல்லாம் தேவையா?"

தேவை. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும், அடி மேலிருந்தும் கீழிருந்தும் வரும். நம் தோலும் எரியும், சிவப்பாகத் தெரியாது, அவ்வளவுதான். மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழே தடவ மறக்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே நிற்காதீர்கள், கண் வீங்கிவிடும்.

"நாங்க மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கிச்சன்ல தொடச் சொன்னா?"

தொட வேண்டி வரும். பர்கரும் ஸ்டேக்கும் இல்லாத மலை உணவகம் கிடையாது. சமைக்கும் இடத்தில் நின்றுகொண்டு மாட்டேன் என்று சொல்வது யாருக்கும் நல்லதில்லை. விண்ணப்பத்திலேயே ஹவுஸ்கீப்பிங், லிஃப்ட், வாடகைக் கடை என்று கேட்டுவிடுங்கள். காப்பி போடத் தெரிந்தால் காப்பிக் கடையும் சரிவரும். பாரில் வேலை என்றால் மது பரிமாறும் சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும்.

உங்கள் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அரிசி, பருப்பு, தயிர் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. மசாலாத் தூளைக் கடைப் பொட்டலமாக வாங்கி, பிரிக்காமல் எடுத்துச் சென்று, விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, முட்டை, இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்தது என்றாலும் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம்தான்.

"விழுந்து கால் ஒடஞ்சா யாரு பாப்பா?"

எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்தில் அடிபட்டால் முதலாளியின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். ஓய்வு நாளில் சறுக்கி விழுந்தால் அது உங்கள் செலவு. மலேசியாவுக்கும் ஆஸ்திரேலிய மெடிகேருக்கும் ஒப்பந்தம் இல்லை. நியூசிலாந்தில் விபத்து என்றால் வெளிநாட்டவருக்கும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும், நோய்க்கு உதவாது, ஊர் திரும்பும் செலவையும் தராது.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல சாதாரணத் திட்டங்களில் அது விலக்கு. சேர்ந்திருந்தாலும் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே சறுக்கினால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் ஸ்கீயில் முழங்காலும்தான் அதிகம் அடிபடும், அதனால் முதல் நாள் நண்பனிடம் பழகாமல் பயிற்றுநரிடம் ஒரு வகுப்பு எடுங்கள்.

"பொம்பளப் பிள்ளையத் தனியா எப்படிம்மா அனுப்புறது?"

இது அம்மாக்கள் கேட்பது, நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்கிறேன் ஆண்ட்டி: மலையில் வழிப்பறி பயம் இல்லை. ஊழியர் விடுதியில் இருபது வயதுப் பிள்ளைகள் நிறைய, குடி நிறைய, இரவு முழுக்கச் சத்தம். பெண்கள் மட்டும் தங்கும் அறை கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். குடிக்காதவளை யாரும் வற்புறுத்துவதில்லை, தனியாக இருப்பதாகத் தோன்றும், அவ்வளவுதான். இரவில் மதுக்கடையிலிருந்து விடுதிக்குப் பனியில் தனியாக நடக்கக் கூடாது. இது ஆண் பிள்ளைக்கும் பொருந்தும், போதையில் பனியில் விழுந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மகனிடமும் இதே கவலையோடு பேசுங்கள்.

"தீபாவளிக்கு வந்துரலாமா?"

ஜூன் சீசனுக்குப் போனால் வரலாம். அக்டோபர் தொடக்கத்தில் மலை மூடும், 2026 தீபாவளி நவம்பர் 8. ஜே-1 விசாவில் வடபாதிக் குளிர்கால சீசனுக்கு அமெரிக்கா போகும் மாணவர்கள்தான் பொங்கலையும் தைப்பூசத்தையும் விட வேண்டியிருக்கும்.

"வரி பிடிச்சத எல்லாம் திருப்பி வாங்கலாம்னு சொல்றாங்க. உண்மையா?"

பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் வரி எண் எடுங்கள், இணையத்தில் இலவசம். 462 விசாக்காரருக்கு 45,000 டாலர் வருமானம் வரை 15 விழுக்காடு வரி, முதல் டாலரிலிருந்தே. அதிகமாகப் பிடித்திருந்தால் மட்டும் மிச்சம் திரும்பும். சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 விழுக்காடு சூப்பர் என்ற ஓய்வூதிய நிதியில் போடுவார். நம் இபிஎஃப் மாதிரி. நாட்டை விட்டு வந்து விசா முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் வேலை விடுமுறை விசாக்காரருக்கு அதில் 65 விழுக்காடு வரி. கேட்டதும் வயிறு எரியும். இருந்தாலும் மிச்சத்தை விடாதீர்கள்.

நியூசிலாந்தில் ஐஆர்டி என்ற வரி எண் இல்லாமல் வேலை தொடங்கினால் 45 விழுக்காடு பிடிப்பார்கள், அதனால் முதல் வேலையே அதுதான். அங்கே விடுமுறைச் சம்பளமாக 8 விழுக்காடு சேரும், கடைசிச் சம்பளச் சீட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"பாதி சீசன்ல பிடிக்கலன்னா விட்டுட்டு வந்துரலாமா?"

யாரும் கட்டிவைக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பு கொடுங்கள். ஆனால் வேலையை விட்டால் கட்டிலும் போகும் என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும், அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டு எழுதிக் கொடுங்கள். சில இடங்களில் சீசன் முடிவில் தரும் போனஸும் போய்விடும். பெரும்பாலானோருக்கு மனம் உடைவது ஜூன் கடைசியில்: பனி இல்லை, மணி நேரம் இல்லை, கையில் காசும் இல்லை. ஜூலைப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் நிற்க நேரமில்லாத அளவு வேலை வரும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். விசாவுக்குக் காட்டும் 5,000 டாலரை மாமாவிடம் கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் இந்த இடத்தில் சிக்குகிறார்கள்.

"முதலாளி கையில காசா, கொறச்சுக் கொடுக்குறான். புகார் பண்ணா விசா போயிடுமா?"

பெரிய ரிசார்ட்டில் இது குறைவு, அடிவார ஊரில் சிறு உணவகம், துப்புரவு ஒப்பந்தக்காரர் பக்கம் நடக்கும். ஆஸ்திரேலியாவில் சம்பளப் புகாரைக் கேட்க ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, எண் 13 13 94. ஆங்கிலத்தில் விளக்க வரவில்லை என்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். சரியான விசாவில் வேலை செய்பவர் சம்பளம் கேட்டதற்காக விசா போகாது. முதலாளி நினைத்தால் விசாவை ரத்து செய்ய முடியும் என்பதும் வெறும் மிரட்டல், அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. சுரண்டப்பட்ட தற்காலிக விசாக்காரர்கள் தங்கி வழக்கை முடிக்க ஆஸ்திரேலியா 2024 இலும் நியூசிலாந்து 2021 இலும் தனி விசாக்களே கொண்டுவந்தன.

புகாருக்கு உயிர் ஆதாரம்தான். முதல் நாளிலிருந்து எத்தனை மணிக்கு வேலை தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். பணிநேரப் பட்டியலைப் படம் எடுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள், ஆஸ்திரேலியாவில் சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் அதைத் தர வேண்டும் என்பது சட்டம். விசிட் விசாவில் போனவர்கள் பெரும்பாலும் பயந்துகொண்டு வாயைத் திறப்பதில்லை. ஏஜென்ட் கேள்விக்கு நான் அவ்வளவு கடுப்பாகப் பதில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"சீசன் நாலு மாசம், விசா பன்னெண்டு மாசம். மிச்சத்துக்கு என்ன பண்றது?"

மலையிலேயே கோடைக்கும் சில ஆட்களை வைத்துக்கொள்வார்கள், நடைப்பயணிகளும் சைக்கிள்காரர்களும் வருவார்கள். ஒரே முதலாளியிடம் 6 மாதம் என்ற வரம்பு இருப்பதால் அதற்கு முன் கணக்குப் பாருங்கள். நிறையப் பேர் அக்டோபரில் இறங்கிப் பழப்பண்ணைக்கோ நகர ஹோட்டலுக்கோ போவார்கள். இரண்டாம் ஆண்டு 462 விசா வேண்டுமானால், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை வேலையை 3 மாதம் செய்திருக்க வேண்டும். உங்கள் பண்ணையோ ஹோட்டலோ அந்த அஞ்சல் குறியீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று வேலையில் சேரும் முன்பே பாருங்கள், சேர்ந்த பிறகு பார்த்தால் மாற்ற முடியாது.

நியூசிலாந்து விசா 6 மாதம்தான், அது சீசனோடு சரியாகப் பொருந்திவிடும். அங்கே போவதென்றால் மே கடைசியில் இறங்குங்கள். முன்னதாகப் போய் ஏப்ரலிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தால், செப்டம்பர் கடைசியில் மலையில் நல்ல வெயிலும் மிச்சப் பனியும் இருக்கும்போது விசா முடிந்து விமானம் ஏற வேண்டியிருக்கும்.